பிடிபடாத சாளர ஓரம்: ஒரு மெய்ப்புத் திருத்துநரின் கணினியில் செய்த மாற்றங்கள்

பின்னணி

சென்னை திருவல்லிக்கேணியில், பழைய தமிழ் நூல்களின் படிமங்களைப் பார்த்து யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்து தரும் சிறிய கூடம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள கணினிகளை வெளியிலிருந்து வந்து பராமரிப்பவன் என்ற முறையில், அண்மையில் அங்கே கையாண்ட ஒரு சிக்கலை இங்கே பதிவு செய்கிறேன். சிக்கல் பார்வைக்கு மிகச் சிறியது. சாளரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்து அதன் அகலத்தை மாற்ற ஒருவரால் முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒருவருடைய வேலை முழுவதும் அந்த ஒரு செயலைச் சார்ந்திருந்தது.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வயது அறுபதைத் தாண்டியவர். கூடத்தில் எல்லோரும் அவரை 'டீச்சர்' என்றே அழைப்பார்கள். தட்டச்சு செய்து முடித்த பக்கங்களை மூலப் படிமத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புத் திருத்துவது அவருடைய பொறுப்பு. வலது கையில் லேசான நடுக்கம் சில ஆண்டுகளாகவே உண்டு. எழுதுவதற்கோ தட்டச்சுக்கோ அது தடையாக இருந்ததில்லை.

அவருடைய திரையில் எப்போதும் இரண்டு சாளரங்கள் திறந்திருக்கும்: இடப்புறம் நூலின் படிமம், வலப்புறம் தட்டச்சு செய்த உரை. இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை நாள் முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவையும் ணா, றா, னா ஆகியவையும் பழைய வடிவிலேயே இருக்கும். அச்செழுத்து தேய்ந்திருந்தால் அது 'னை'யா 'ணை'யா என்று தெரிந்துகொள்ளப் படிமத்தைப் பெரிதாக்கி, அதன் சாளரத்தையும் அகலப்படுத்தித்தான் பார்க்க வேண்டும். அடிக்குறிப்பு நிறைந்த பக்கம் வந்தால் உரைச் சாளரத்துக்கு இடம் தேவைப்படும். திரையைச் சரிபாதியாகப் பிரித்துவிட்டு அப்படியே இருந்துவிடுவது இந்த வேலைக்கு ஒத்துவராது.

அவர் பயன்படுத்திவந்த 18.5 அங்குலத் திரை பழுதானதும், அதற்குப் பதிலாக 27 அங்குல 4கே திரை ஒன்று வாங்கப்பட்டது. படிமத்தில் நுணுக்கங்கள் தெளிவாகத் தெரியும் என்பதே அதற்குக் காரணம். அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவும் செய்தது. ஆனால் சில வாரங்களுக்குள் டீச்சரின் வேலை மெதுவாகிவிட்டது. நடுக்கம் கூடிவிட்டது, வயதாகிறது என்று கூடத்தில் பேச்சு எழுந்தது. மவுஸின் வேகத்தைக் குறைத்தால் கை நிதானப்படும் என்று எண்ணி, உடன் பணிபுரியும் ஒருவர் அதை அடிமட்டத்துக்குக் குறைத்தும் வைத்திருந்தார். அதன் பிறகும் நிலைமை மாறாததால் என்னை அழைத்தார்கள்.

கவனித்தவை

அமைப்புகள் எதையும் தொடாமல், முதலில் அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். அவர் சொன்ன ஒரு வாக்கியம் பிறகு மிகவும் பயன்பட்டது: "சில நேரம் அம்பு மாறவே மாட்டேன் என்கிறது, மாறினாலும் இழுக்கும்போது பாதியில் விட்டுவிடுகிறது, தம்பி." இவை இரண்டு வெவ்வேறு குறைகள். கூடத்தில் இரண்டையும் சேர்த்து 'கை நடுக்கம்' என்ற ஒரே பெயரில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதல் குறையை எடுத்துக்கொள்வோம். கணினியில் இருந்த இயங்குதளம் லினக்ஸ்; சாளரங்களையும் பட்டிகளையும் திரையில் காட்டும் மேசைச்சூழல் எக்ஸ்எஃப்சிஇ. இதில் சாளர ஓரத்தின் தடிமனைக் கூட்டவோ குறைக்கவோ தனி அமைப்பு எதுவும் இல்லை. ஓரம் என்பது தேர்ந்தெடுத்த தீமில், அதாவது சாளரங்களின் தோற்றத்தை முடிவு செய்யும் தொகுப்பில், உள்ள சிறு படக்கோப்புகளால் ஆனது. அந்தப் படம் எத்தனை பிக்சல் (திரையின் மிகச் சிறிய புள்ளி) அகலமோ அத்தனை பிக்சல்தான் கைக்குக் கிடைக்கும். பழைய திரையோடு இருந்தபோது 5 பிக்சல் ஓரமுள்ள தீம் பயன்பாட்டில் இருந்தது. புதிய திரை வந்த கையோடு, பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காக 2 பிக்சல் ஓரமுள்ள மெல்லிய தீமுக்கு மாற்றியிருந்தார்கள்.

பிக்சல் கணக்கில் 5, 2 ஆனது பெரிய மாற்றமாகத் தோன்றாது. மில்லிமீட்டரில் பார்த்தால்தான் உண்மை புலப்படும். 1366 × 768 பிக்சல் கொண்ட 18.5 அங்குலத் திரையில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.3 மி.மீ.; ஐந்து பிக்சல் ஓரம் 1.5 மி.மீ. இருந்தது. 3840 × 2160 பிக்சல் கொண்ட 27 அங்குலத் திரையில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.16 மி.மீ. மட்டுமே, இரண்டு பிக்சல் ஓரம் 0.3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதாவது, அவர் குறிவைக்க வேண்டிய இடம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது.

இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது. புதிய திரையில் எழுத்துகள் மிகச் சிறியனவாகத் தெரிந்ததால், எழுத்துரு அமைப்பில் டிபிஐ எண்ணை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பது) வழக்கமான 96இலிருந்து 160க்கு உயர்த்தியிருந்தார்கள். அந்த எண் எழுத்துகளைப் பெரிதாக்கும். சாளர ஓரத்தை அது தொடாது. திரையில் எல்லாம் சரியான அளவில் தெரிவதாகவே அனைவருக்கும் தோன்றியது. அம்புக்குறியும் 24 பிக்சலிலேயே நின்றிருந்தது. பழைய திரையில் 7 மி.மீ.க்கும் சற்று மேலாக இருந்த அது, புதிய திரையில் 4 மி.மீ.க்கும் குறைவு. ஓரத்தை அடைந்ததும் அம்புக்குறி இருதலை அம்பாக மாறும். அந்த மாற்றமே டீச்சரின் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை.

மனித இயக்கத்தைப் பற்றி பால் ஃபிட்ஸ் 1954இல் வெளியிட்ட விதியை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ஓர் இலக்கைச் சென்று தொடுவதன் கடினம், இலக்கின் தூரத்துக்கும் அதன் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்கிறது அந்த விதி. அகலம் பாதியானால், தூரம் இருமடங்கானதற்குச் சமமான கடினம் ஏற்படும். ஐந்தில் ஒன்றாகச் சுருங்கிய ஓரம், ஐந்து மடங்கு தொலைவுக்குத் தள்ளிவைத்த ஓரத்துக்கு ஒப்பானது. நடுக்கமில்லாத கைக்கே இது சிரமம் தரும். நானும் முயன்று பார்த்தேன். பலமுறை ஓரத்தைத் தாண்டிப்போய்ப் பின்னாலிருந்த சாளரத்தில்தான் சொடுக்கினேன். வேகத்தைக் குறைத்துவைத்திருந்தது இந்தச் சிக்கலுக்குப் பாதி மருந்தாகவும் பாதி நோயாகவும் ஆகியிருந்தது. ஓரத்துக்கு அருகில் கை நிதானப்பட்டது உண்மை. ஆனால் அகன்ற திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அம்புக்குறியைக் கொண்டுசெல்ல மவுஸைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியதாயிற்று. தூக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் நடுக்கம் புதிதாகத் தொடங்கியது.

இரண்டாவது குறை, இழுக்கும்போது பாதியில் விட்டுவிடுவது. பொத்தானை விரல் உண்மையிலேயே விட்டுவிடுகிறதா, மவுஸ்தான் விட்டுவிடுகிறதா என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. மவுஸிலிருந்து வரும் நிகழ்வுகளை வரிசையாகக் காட்டும் எக்ஸ்இவி என்ற சிறு நிரலை ஓடவிட்டு, இடப் பொத்தானை நானே அழுத்திப் பிடித்தேன். விரலை எடுக்காதபோதே 'விடப்பட்டது' என்ற வரிகள் இடையிடையே தோன்றின. பொத்தானுக்கு அடியிலுள்ள நுண்சுவிட்ச் தேய்ந்திருந்தது. ஒரு சொடுக்கு இரண்டாகப் பதிவாவதும், பிடித்து இழுப்பது நடுவில் அறுந்துபோவதும் இத்தகைய தேய்மானத்தின் வழக்கமான அடையாளங்கள். வலப் பொத்தானில் இந்தக் குறை இல்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் வேலையாக மவுஸை மாற்றுவது என்று முடிவு செய்தேன். அடுத்துச் செய்யவிருந்த மாற்றம் வலப் பொத்தானைப் பயன்படுத்துவது. மவுஸை மாற்றாமல் அதைச் செய்திருந்தால் இடப் பொத்தானின் பழுது மறைந்துபோயிருக்கும். எந்த மாற்றத்தால் என்ன பலன் விளைந்தது என்பதும் தெரியாமல் போயிருக்கும். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் கம்பியுள்ள சாதாரண மவுஸ் ஒன்றை வாங்கினோம். பந்தை உருட்டும் வகை மவுஸ் ஒன்றையும் கடையில் பார்த்தோம். இழுக்கும்போது கையை நகர்த்தத் தேவையில்லை என்பதால் நடுக்கமுள்ளவர்கள் சிலருக்கு அது பொருந்தும். ஆனால் பழக நாளாகும், விலையும் கூடுதல். எனவே அதை இரண்டாம் கட்டத்துக்கு ஒத்திவைத்தோம்.

மவுஸை மாற்றியதும் பாதியில் விட்டுவிடும் குறை நின்றுவிட்டது. ஓரம் பிடிபடாத குறை எதிர்பார்த்தபடியே நீடித்தது.

அதற்கு மூன்று வழிகள் இருந்தன. வேறு தீமுக்கு மாறி ஓரத்தை அகலமாக்குவது ஒன்று. திரை முழுவதையும் இருமடங்காகப் பெரிதாக்கும் அமைப்பை இயக்குவது மற்றொன்று. ஓரத்தைத் தேடும் தேவையையே நீக்குவது மூன்றாவது.

இருமடங்கு பெரிதாக்கும் அமைப்பை உடனே ஒதுக்கிவிட்டோம். அதை இயக்கினால் பட்டிகளும் பொத்தான்களும் இருமடங்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். எந்த இட வசதிக்காகப் பெரிய திரை வாங்கப்பட்டதோ அந்த வசதியே குறைந்துபோகும். அகன்ற தீம் எளிதானது, செய்யவும் செய்தோம். எக்ஸ்எஃப்சிஇயில் சாளரங்களைக் கையாளும் நிரலான சாளர மேலாளரோடு, அடர்த்தி மிகுந்த திரைகளுக்கென்றே வரையப்பட்ட தீம்கள் வருகின்றன. அவற்றில் ஒன்றை வைத்ததும் ஓரம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்தது. இருந்தாலும், எவ்வளவு அகலப்படுத்தினாலும் அது ஓரம்தான். சில மில்லிமீட்டரைக் குறிவைத்துச் சென்றே ஆக வேண்டும்.

ஆகவே மூன்றாவது வழிதான் முக்கியமானதாயிற்று. லினக்ஸின் பல மேசைச்சூழல்களில் நெடுநாளாக இருந்துவரும் வசதி இது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தின் உட்பகுதியில் எங்கு வேண்டுமானாலும் வலப் பொத்தானைப் பிடித்து இழுத்தால் சாளரத்தின் அளவு மாறும். இடப் பொத்தானால் இழுத்தால் சாளரம் இடம் மாறும். அம்புக்குறி எந்த ஓரத்துக்கு அல்லது மூலைக்கு அருகில் இருக்கிறதோ அந்த ஓரமோ மூலையோ நகரும். குறிவைக்க வேண்டிய இலக்கு 0.3 மி.மீ. ஓரத்திலிருந்து, உள்ளங்கை அகலப் பரப்பாக விரிந்துவிடுகிறது. ஃபிட்ஸின் கணக்குப்படி பார்த்தாலும், வேகத்தையோ கையின் நிதானத்தையோ மாற்றி இந்த அளவு ஆதாயத்தைப் பெற முடியாது. மவுஸ் அமைப்புகளில் வேகத்தை மட்டுமே தேடிப்போவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பல நேரங்களில் அது தவறான திருகாணியைத் திருகுவதாகவே முடிகிறது.

இந்த வசதி எக்ஸ்எஃப்சிஇயில் இயல்பாகவே இருக்க வேண்டியது. இந்தக் கணினியில் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சாளர மேலாளரின் நுண்ணமைப்புப் பெட்டியில், அணுகல் வசதிகள் என்ற தாளில், சாளரத்தைப் பிடிப்பதற்கான விசை 'எதுவுமில்லை' என்று இருந்தது. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. பிற்பகலில் அதே கணினியில், அதே பயனர் கணக்கில், வேறொருவர் நூல் அட்டைகளை இங்க்ஸ்கேப்பில் வடிவமைக்கிறார். ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள வடிவங்களில் அடியில் இருப்பதைத் தேர்ந்தெடுக்க இங்க்ஸ்கேப்பிலும் ஆல்ட் விசையோடு சொடுக்க வேண்டும். சாளர மேலாளர் அந்தச் சொடுக்கை இடையிலேயே பறித்துக்கொண்டதால், அவர் வசதியை அணைத்துவிட்டார். அவர் அளவில் அது நியாயமான முடிவு.

விண்டோஸ் சின்னமுள்ள சூப்பர் விசைக்கு மாற்றினால் இருவருக்கும் பொதுவாக இருக்குமே என்று யோசித்தோம். ஆனால் இந்தக் கணினியில் அந்த விசையைத் தனியாக அழுத்தினால் பட்டி திறக்கும்; நடுங்கும் கை சற்று முன்பே விசையை விட்டுவிட்டால் வேலைக்கு நடுவில் பட்டி வந்து நிற்கும். இடைவெளி விசைக்குப் பக்கத்திலேயே உள்ள ஆல்ட் விசை கட்டைவிரலுக்கு எட்டுவதும் எளிது. எனவே இருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்குகளை உருவாக்கினோம். எக்ஸ்எஃப்சிஇயின் அமைப்புகள் பயனருக்குப் பயனர் தனியாகச் சேமிக்கப்படுவதால், ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவரைத் தொடாது. டீச்சரின் கணக்கில் ஆல்ட் விசை இயக்கப்பட்டது. கூடவே அம்புக்குறியை 48 பிக்சலாக்கி, மவுஸின் வேகத்தை நடுநிலைக்குத் திருப்பினோம்.

தொடர்ந்து நடந்தவை

முதல் சில நாள்களில் நான் எதிர்பாராத ஒரு தடை எழுந்தது. ஆல்ட் முறைக்கு இரண்டு கைகள் வேண்டும். அச்சுப் பிரதி கையில் கிடைத்த நூல்களுக்கு டீச்சர் இடக்கையில் ஓர் அடிக்கோலைப் பிடித்து வரிவரியாக நகர்த்திக்கொண்டே போவார். விசையை அழுத்த அந்தக் கை ஓய்வாக இருப்பதில்லை. அத்தகைய நூல்களுக்கு விசைப்பலகையால் மட்டும் அளவு மாற்றும் முறையைக் காட்டினேன். ஆல்ட்டும் எஃப்8உம் சேர்த்து அழுத்திவிட்டு, பிறகு அம்பு விசைகளால் ஓரத்தை நகர்த்தி, என்டர் விசையால் முடிக்கலாம். தொடக்கத்தில் மட்டும் இரு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும். அதன் பிறகு எதையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. படிமம் மட்டும் உள்ள நூல்களுக்கு ஆல்ட் முறை, தாள் உள்ள நூல்களுக்கு எஃப்8 முறை என்று அவரே பிரித்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துச் சென்றபோது, கூடத்தின் மேலாளர் வேலை பழைய வேகத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். நான் நேரத்தை அளந்து ஒப்பிடவில்லை. டீச்சர் சாளரத்தை அகலப்படுத்தும்போது அவருடைய பார்வை படிமத்தை விட்டு ஓரத்துக்குப் போகவில்லை என்பதை மட்டும் கண்டேன். ஓரத்தைத் தேடிக் கண் அலைந்து, மீண்டும் படித்த வரியைத் தேடி வருவதுதான் அதுவரை நேரத்தைத் தின்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கை நடுக்கம் அப்படியேதான் இருந்தது.

வீட்டு மடிக்கணினி

கூடத்தில் பழகிய முறை வீட்டிலும் வேண்டும் என்று டீச்சர் கேட்டார். வீட்டிலிருந்தது விண்டோஸ் 10 உள்ள மடிக்கணினி. விண்டோஸில் ஆல்ட் விசையோடு இழுக்கும் வசதி உள்ளமைந்ததாக இல்லை. ஆல்ட்ஸ்னாப் போன்ற இலவச நிரல்கள் அதைச் செய்யும். ஆனால் பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை, பராமரிக்க ஆளில்லாத வீட்டுக் கணினியில் ஏற்றுவதற்கு எனக்கு மனமில்லை.

அங்கே மூன்று காரியங்கள் செய்தோம். விண்டோஸ் 10இல் சாளரத்தைச் சுற்றித் தெரியும் கோடு ஒரு பிக்சல்தான் என்றாலும், இடம், வலம், கீழ் ஆகிய மூன்று பக்கங்களிலும் கோட்டுக்கு வெளியே சில பிக்சல் அகலத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத பிடிப்பகுதி உண்டு. கோட்டின்மீதே குறிவைக்காமல், அதற்குச் சற்று வெளியே அம்பு மாறும்வரை கொண்டுசென்று பிடிக்கப் பழக்கியதே முதல் காரியம். அடுத்தது, அந்தப் பிடிப்பகுதியை அகலப்படுத்தியது. விண்டோஸ் 7 வரை இதற்கென்று ஒரு பெட்டி இருந்தது. விண்டோஸ் 8இலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டதால், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் விண்டோமெட்ரிக்ஸ் என்ற பகுதியிலுள்ள பேடட்பார்டர்வித் மதிப்பைத்தான் மாற்ற வேண்டும். ஒரு பிக்சலுக்கு −15 என்பது கணக்கு; வழக்கமான −60ஐ −120 ஆக்கினோம். மாற்றுவதற்கு முன் அந்தப் பகுதியை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்துவைத்தோம். கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்த பிறகே மாற்றம் நடைமுறைக்கு வரும்.

மூன்றாவது, மவுஸ் பண்புகளில் உள்ள கிளிக்லாக். பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திவிட்டு எடுத்தால், தொடர்ந்து அழுத்திக்கொண்டிருப்பதாகவே விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். மறுபடி சொடுக்கினால் பிடி விடும். கூடத்து மவுஸ் பழுதாக இருந்த காலத்தில் டீச்சரின் விரல் அழுத்தம் கூடிப்போயிருந்ததால், இது உதவும் என்று எண்ணினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. சும்மா ஒரு பொத்தானை நிதானமாக அழுத்தினாலும் பூட்டிக்கொள்கிறது என்று சில நாளிலேயே அணைக்கச் சொன்னார், அணைத்துவிட்டோம். ஆல்ட்டும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியில் எஸ் விசையைத் தட்டி, அம்பு விசைகளால் அளவை மாற்றும் முறையைத்தான் இப்போது வீட்டில் பயன்படுத்துகிறார். கூடத்தில் பழகிய எஃப்8 முறைக்கு அது நெருக்கமானது.

இனி மாறவிருப்பவை

கூடத்தில் திரை வாங்கும்போது, அங்குலத்தோடு பிக்சல் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, சாளர ஓரமும் அம்புக்குறியும் அந்தத் திரையில் எத்தனை மில்லிமீட்டர் வரும் என்று கணக்கிட்டுப் பார்ப்பதென்று மேலாளரோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். எழுத்துருவின் டிபிஐயை மாற்றினால் அதே வேளையில் சாளரத் தீம், அம்புக்குறி அளவு ஆகியவற்றையும் பார்ப்பது நிறுவும் வேலையின் ஒரு பகுதியாகிவிட்டது. ஒரே கணினியை இருவர் பகிர்ந்துகொண்டால் தனித்தனிக் கணக்கு என்பதும் இனி விதி.

'இழுக்க முடியவில்லை' என்று எந்தக் கணினியிலிருந்து புகார் வந்தாலும், அமைப்புகளைத் திறப்பதற்கு முன் வேறொரு மவுஸை இணைத்துப் பார்ப்பது என்று என் வேலை வரிசையை மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு நிமிட வேலை அது. மீதமுள்ள காரணங்களைத் தனியே பிரித்துக் காட்டிவிடும். பந்து மவுஸ் வாங்கும் யோசனை இன்னும் கைவிடப்படவில்லை. டீச்சரின் நடுக்கம் கூடினால், இரவல் கிடைக்கும் ஒன்றைக் கொண்டு முதலில் பழகிப் பார்த்துவிட்டு, அவர் சரி என்றால் மட்டும் வாங்குவதாக இருக்கிறோம்.